முப்பது பேர் மூச்சு

காலை ஆறரைக்கு வர வேண்டிய காற்று அன்றைக்கு ஏழு மணி ஆகியும் வரவில்லை. தரைக்குக் கீழே தோண்டிய வெண்குழி நகரின் நான்காம் தளத்தில், வீட்டுக் குழாயடியில் நின்றபடி மங்களேஸ்வரி தொட்டியின் முள்ளையும் எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல வந்துருச்சா?"

"எங்கக்கா, வெறும் சத்தந்தான் வருது."

ஏழேகாலுக்குக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுச் சீற ஆரம்பித்தது. தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். நிரம்பினால் இரண்டு பேர் ஒரு நாள் மூச்சுவிடக் காணும். நிலவில் மனிதர் குடியேறி நூற்று அறுபது ஆண்டுகள் ஆகின்றன. தெருக்காற்று நகரத்தின் பொறுப்பு, வீட்டுக்காற்று அவரவர் பாடு. விருந்துக்குப் போகிறவர்கள் தோளில் ஒரு காற்றுப்புட்டியை மாட்டிக்கொண்டு போவதுதான் அங்கே மரியாதை. கையை வீசிக்கொண்டு வருபவனை யாரும் உட்காரச் சொல்வதில்லை.

இந்தக் களேபரம் எதுவும் அவள் கணவர் வைத்திலிங்கத்தின் காதில் விழவில்லை. அவருக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை நடந்த முப்பதாள் மல்லுக்கு மறுநாள் நண்பகலுக்குள் மதிப்புரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்டமோ படுமோசம்.

வைத்திலிங்கம் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சந்திர மல்லரங்கத்தின் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். நகரத்தில் இருப்பது ஒரே விளையாட்டு, அதை எடைபோட இருப்பதும் ஒரே ஆள். ஒன்றிலிருந்து ஐந்து வரை அவர் எத்தனை நட்சத்திரம் போடுகிறாரோ, அத்தனைதான் ஊரும் போடும். மதிப்புரை, நட்சத்திரம் எல்லாவற்றையும் சுவைமானி என்கிற இயந்திரம் படித்து, அடுத்த ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அரங்கத்தாருக்குச் சொல்லும். சுவைமானி சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

முப்பதாள் மல் என்பது பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, ஒன்றரை நிமிடத்துக்கு ஒருவராக முப்பது மல்லர்கள் களத்தில் ஏறுவார்கள். மேல்கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தவன் அவுட். கடைசியில் எஞ்சி நிற்பவன் வெற்றியாளன். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அது ஊருக்கே தெரியும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. எப்படி ஜெயிக்கிறான், எப்படித் தோற்கிறான் என்பதில்தான் சுவை. நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் மேல்கயிறு மூன்றாள் உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். ஒருவனைத் தூக்கி எறிந்தால் அவன் மேலே போய்க் கீழே வர ஏழெட்டு நொடி ஆகும். அந்த ஏழெட்டு நொடிக்காகத்தான் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழெட்டு நொடி ஒருமுறைகூட வாய்க்கவில்லை. வைத்திலிங்கம் பதிவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். முதலில் ஏறிய இருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். பதினோராம் ஆள் ஏறிய வேகத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். பதினேழாம் ஆள் மூலையில் போய்க் குந்திவிட்டான். இருபத்துநான்காவதாக வந்தவன் இருளாண்டி. களத்தில் அவன் பெயர் எரிகல். நான்கு வருடங்களுக்கு முன் ஒரே சுழற்சியில் ஏழு பேரை வெளியே வீசிக் கூரையைத் தொட வைத்தவன். அன்றைக்கு அவன் இரண்டு எட்டு வைத்தான், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான், பின்னால் வந்தவன் லேசாகத் தள்ளக் கயிற்றின் மேல் துணி மாதிரி சரிந்து வெளியே போனான். கடைசி இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அதில் ஒருவன் விழுந்தான், மற்றவன் ஜெயித்ததாக மணி அடித்தார்கள்.

வைத்திலிங்கம் எழுத ஆரம்பித்தார்.

'முப்பது பேர் ஏறினார்கள், முப்பது பேரும் இறங்கினார்கள். நடுவில் நடந்ததை மல் என்று சொன்னால், குழாய்வண்டிக்கு வரிசையில் நிற்பதையும் மல் என்று சொல்லலாம். கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர்கூட இன்னொருவரைத் தரையை விட்டுத் தூக்கவில்லை. எரிகல் இனி கூழாங்கல்.'

கடைசி வரியைப் படித்துத் தாமே சிரித்துக்கொண்டு, ஒரு நட்சத்திரம் என்று குறித்தார். அதுவும் நாகரிகத்துக்காகத்தான்.

ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தோற்றவன் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் அனுப்ப மாட்டார். காற்றுப்புட்டியை மாட்டிக்கொண்டு மல்லர் விடுதி இருக்கும் பதினோராம் தளத்துக்கு இறங்கினார்.

விடுதிக் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே நெற்றிப் பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. காலை பதினொரு மணி. முப்பது கட்டிலிலும் முப்பது பேர் மல்லாந்து கிடந்தார்கள். யாரும் தூங்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. வைத்திலிங்கத்தின் மணிக்கட்டில் இருந்த மூச்சுமானி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.

"வாங்க சார்." மூன்றாவது கட்டிலிலிருந்து இருளாண்டியின் குரல் வந்தது. "எந்திரிக்கலன்னு தப்பா நெனைக்காதீங்க."

"என்ன தம்பி, உடம்புக்கு முடியலயா?"

"உடம்புக்கு என்ன சார், கல்லு மாதிரி இருக்கு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். "காத்துதான் இல்ல."

வைத்திலிங்கம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இருளாண்டி வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி நிறுத்திப் பேசினான். பேச்சைக்கூட அளந்து செலவழிக்கிற மனிதனை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"போன வருசம் ரெண்டு நட்சத்திரம் போட்டீங்கள்ல."

"ஆமா. ஆட்டம் அப்படித்தான இருந்துச்சு?"

"தப்புன்னு சொல்லல சார். நட்சத்திரம் கொறஞ்சா விடுதிக்குக் காத்து கொறையும். ஒப்பந்தத்துல இருக்கு. ஒழுங்கா ஆடாதவனுக்கு எதுக்கு முழு மூச்சுன்னு கேக்குறாக. மூணுல ஒரு பங்கு போச்சு. மிச்சத்த வச்சுக்கிட்டு உசுரோட கெடக்கலாம். மல்லு புடிக்க முடியாது."

"மேல சொல்லலயா?"

"யாருகிட்ட? எங்கள ஆருக்குத் தெரியும்? ஒங்களத்தான் ஊருக்குத் தெரியும்." அவன் பக்கத்துக் கட்டிலைக் காட்டினான். "அந்தா பாருங்க, சின்னப்பதாசு. நகமெல்லாம் நீலம் பாஞ்சிருச்சு. இந்தத் தடவ ஒண்ணு போட்டீங்கன்னா காத்து பாதியாயிரும். பாதிக்கு இங்க ஆறேழு பேரு தாங்க மாட்டான் சார்."

வைத்திலிங்கத்துக்குச் சட்டைப் பையில் இருந்த மதிப்புரை கனத்தது. கூழாங்கல் என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"ஆட்டம் நல்லாருந்துச்சுன்னு பொய் எழுதச் சொல்லல," என்றான் இருளாண்டி. "காத்து இல்லன்னு எழுதுங்க. அது போதும்."

வைத்திலிங்கம் தோளில் இருந்த புட்டியைக் கழற்றி அவன் தலைமாட்டில் வைத்தார். அவன் அதில் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தான். சின்னப்பதாஸ் ஒரு மூச்சு. அவனுக்கு அடுத்தவன் ஒரு மூச்சு. புட்டி கைமாறிக் கைமாறிக் கடைசிக் கட்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்துவிட்டார். ஐந்தாம் தளம் வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 'மல்லர்களுக்குக் காற்று போதவில்லை' என்று ஒரே வரி எழுதிச் சுவைமானிக்கு அனுப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் அது திரும்பி வந்தது. 'இது நிர்வாகப் பொருள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதவும்.'

"அப்ப காத்து வாரியத்துக்குப் போங்க," என்றாள் மங்களேஸ்வரி. "நான் என் கண்ணால பாத்தேன்னு சாட்சி எழுதிக் குடுங்க. அவங்க வந்து அளந்து பாத்தாத் தெரிஞ்சுடப் போகுது."

"சாட்சின்னா பேரு போடணும். பேரு போட்டா முதல் வரிசை நாற்காலி போயிடும். இருபத்திரண்டு வருஷம், மங்களம்."

"நாற்காலி பெரிசா, முப்பது பேரு பெரிசா?"

"ரெண்டையும் காப்பாத்தலாம். அஞ்சு நட்சத்திரம் போட்டாப் போச்சு. காத்து தானா வரும். எழுத்துலயே சாதிச்சுக் காட்டறேன் பாரு."

"எழுத்து படிக்கறதுக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் தொட்டியை மூடப் போனாள்.

வைத்திலிங்கம் கெட்டவர் இல்லை. இரக்கமும் அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் மனு எழுதினால் கையெழுத்துப் போட வேண்டும், நட்சத்திரம் போட விரல் நுனி போதும். அவர் விரல் நுனியைத் தேர்ந்தெடுத்தார்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. காரணம் காட்டாத ஐந்து நட்சத்திரத்தைச் சுவைமானி ஏற்காது. எதைப் புகழ்வது? துள்ளல் இல்லை, எறிதல் இல்லை, பிடி இல்லை. இருந்ததெல்லாம் மூச்சுத் திணறல்தான். சரி, அதையே புகழ்வோம் என்று உட்கார்ந்தார்.

'இதுவரை நாம் பார்த்ததெல்லாம் குரங்காட்டம். ஞாயிறன்று பார்த்ததுதான் மல். குனிந்து, முழங்காலில் கை ஊன்றி எரிகல் இழுத்த அந்த நீண்ட மூச்சு, இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் கண்ட மிகச் சிறந்த நடிப்பு. ஒருவரை ஒருவர் தூக்காமலே தூக்க முடியாத ஒரு பாரத்தை நம் நெஞ்சில் ஏற்றிவிட்டார்கள். இந்த ஆட்டத்துக்குக் கைதட்டுவதுகூட அவமதிப்பு. சத்தமில்லாமல் எழுந்து நிற்பதே முறை.'

எழுத எழுத அவருக்கே அது பிடித்துப்போனது. இரண்டு இடத்தில் சொல்லை மாற்றி மெருகேற்றினார். ஐந்து நட்சத்திரம் வைத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாளே ஊரின் பேச்சு திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொட்டாவி விட்டவர்கள் எல்லாம், நான் அன்னிக்கே சொன்னேனே, அந்த மூச்சைக் கவனிச்சியா என்று ஆரம்பித்தார்கள். மதிப்புரையைக் கையில் வைத்துக்கொண்டு பதிவைத் திரும்பப் பார்த்தார்கள். குழாய்வண்டி நிலையத்தில் பிள்ளைகள் முழங்காலில் கை ஊன்றி மேல்மூச்சு வாங்கி விளையாடினார்கள். ஊர் முழுக்க ஐந்து நட்சத்திரம் கொட்டியது.

நான்காம் நாள் அரங்கத்தின் மேலாளர் ஜெபராஜ் தொலைபேசியில் பேசினார். குரலில் கரும்புச் சாறு வழிந்தது.

"சார், எங்க கண்ணத் தொறந்துட்டீங்க."

"நல்லது. அப்ப ஒப்பந்தப்படி விடுதிக்கு முழுக் காத்து திரும்பிடும்ல?" வைத்திலிங்கம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த ஷரத்த சுவைமானி எடுக்கச் சொல்லிருச்சு. எட்டு வருஷ ஆட்டத்தையும் இந்த ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு. அதே களம், அதே ஆளுங்க. ஒரே ஒரு வித்தியாசந்தான். இந்தத் தடவ காத்து கம்மி. ஜனங்களுக்குப் பிடிச்சது அதுதான்னு கண்டுபிடிச்சிருச்சு. அதனால அடுத்த ஆட்டம் பாதிக் காத்துல வைக்கறோம். வருஷம் பூராக் காத்திருப்பானேன், அடுத்த மாசமே."

"ஜெபராஜ், வேண்டாம். செத்துருவாங்க."

ஜெபராஜ் மனம் நெகிழ்ந்த குரலில் சொன்னார்: "அடடா. இந்த வரிய அப்படியே சுவரொட்டில போட்டுக்கலாமா சார்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று மங்களேஸ்வரி சொல்லவில்லை. புட்டியை நிரப்பி அவர் தோளில் மாட்டிவிட்டு, "இப்பவாவது போங்க," என்று மட்டும் சொன்னாள்.

காற்று வாரியத்தில் இருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் நடத்தினாள். நாற்காலி போட்டாள். அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டாள். நாற்பது பக்க மனுவில் வைத்திலிங்கம் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவள் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவருடைய மதிப்புரை.

"மூச்சு முட்டுதுன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. இதுல நடிப்புன்னு எழுதியிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷ அனுபவத்துல சொல்றேன்னு வேற போட்டிருக்கீங்க. நாங்க எத சார் எடுத்துக்கறது?"

"இன்னிக்குச் சொல்றத எடுத்துக்கங்கம்மா. அது நான் பொய்யா எழுதினது."

"பொய்யா எழுதறவர் சாட்சிய வாரியம் ஏத்துக்காது சார். மெய்யா எழுதினதுன்னா, அது நடிப்பு. ரெண்டுல எதுன்னாலும் மனு நிக்காது. மனு நிக்காம அளந்து பாக்க ஆள் அனுப்ப முடியாது." அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "என் பையன் உங்க ரசிகன். அந்த எரிகல் மாதிரியே மூச்சு வாங்கிக் காட்டுவான்."

அடுத்த மாதம் அரங்கம் கூரைவரை நிரம்பியது. நாற்காலி போய்விடும் என்று வைத்திலிங்கம் பயந்தது நடக்கவில்லை. முதல் வரிசையில் புது மெத்தை போட்டு அவருக்காகவே வைத்திருந்தார்கள். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் இருளாண்டிக்கு ஏதாவது ஆனால் பார்த்துச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டும் என்று தோன்றியது. அவனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று உறுதி செய்துகொண்டு போய் உட்கார்ந்தார்.

ஆட்டத்தை விவரிக்க ஒன்றுமில்லை. ஏறியவர்கள் நின்றார்கள், தள்ளாடினார்கள், கயிற்றின் மேல் சரிந்து வெளியே போனார்கள். சின்னப்பதாஸ் ஏணியிலேயே உட்கார்ந்துவிட, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் களத்துக்குள் ஏற்றினார்கள். இந்த முறை வெற்றி இருளாண்டிக்கு என்று முடிவாகியிருந்தது. அவன் வந்து நின்றதிலிருந்து வைத்திலிங்கம் இமைகூடக் கொட்டவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தார். ஏறி இறங்கும் நேரம் வரவரக் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சிய ஒருவனை அவன் தோளில் கைவைத்துக் கெஞ்சுவது போலக் கயிற்றுக்கு வெளியே அனுப்பினான். மணி அடித்தது. இருளாண்டி வெற்றியாளனாகக் கையைத் தூக்கப் போனான். கை பாதிவரை வந்தது. பிறகு அவன் மண்டியிட்டான், பக்கவாட்டில் சாய்ந்தான், நிலவின் மெல்லிய எடையில் மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் படுத்தான். அவன் நெஞ்சு அதற்கப்புறம் ஏறவில்லை.

பத்தாயிரம் பேர் சத்தமில்லாமல் எழுந்து நின்றார்கள்.

"டாக்டர்!" வைத்திலிங்கம் கத்தினார். "டாக்டரக் கூப்பிடுங்க! செத்துக்கிட்டிருக்கான்யா!"

பக்கத்தில் நின்ற பெண்மணி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து அமுக்கினாள். "உஷ்! கெடுக்காதீங்க சார். சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதான எழுதினீங்க."

அவர் தடுப்பைத் தாண்டப் பார்த்தார். காவலர்கள் இருவர் மிகுந்த மரியாதையோடு அவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். மௌனம் ஐந்து நிமிடம் நீடித்தது. கூட்டம் கலைந்து, விளக்குகள் ஏறிய பிறகுதான் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டியோடு களத்தில் ஏறினார். ஏறியவர் பெட்டியைத் திறக்கவில்லை.

வைத்திலிங்கத்தின் நாற்காலிக் கைப்பிடியில் ஐந்து நட்சத்திரங்கள் ஒளிர்ந்தன. எத்தனை என்று அழுத்தச் சொல்லிக் கண் சிமிட்டின. குறைத்துப் போட்டால் தண்டனை என்று காற்றைக் குறைப்பார்கள். கூட்டிப் போட்டால் பிடித்திருக்கிறது என்று குறைப்பார்கள். அவர் விரல்களை மடக்கி முஷ்டியை மார்போடு இறுக்கிக்கொண்டார். அழுத்த மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு ஆட்டத்துக்கு அவர் நட்சத்திரம் போடவில்லை.

கைப்பிடி அரை நிமிடம் காத்திருந்தது. பிறகு அதில் எழுத்துகள் ஓடின.

'நீங்கள் எதையும் அழுத்தவில்லை. பரவாயில்லை. ஆட்டம் நடந்த நாற்பத்தொன்பது நிமிடமும் உங்கள் கண்கள் களத்தை விட்டு அகலவில்லை. ஐந்து நட்சத்திரம் என்று பதிவு செய்துகொண்டோம். உங்களுக்காக இதேபோல் இன்னும் நிறையத் தயாராகிறது.'